பேஸ்பால் கேமில் வாக் வராத சிக்கல்: என் அனுபவம்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 2024-இல் பேட்டிங் சராசரி .243. பேட்டர்கள் மட்டை பிடிக்க வந்த முறைகளில் 8 சதவீதத்துக்குச் சற்று மேல் வாக் வாங்கினார்கள்; அதாவது, ஸ்ட்ரைக் ஸோனுக்கு (வீச்சு சரியானதாகக் கணக்காகும் பகுதி) வெளியே வந்து அடிக்காமல் விட்ட பந்துகள், அதாவது ‘பால்’கள், நாலு சேர்ந்ததும் இலவசமாக முதல் பேஸுக்குப் போனார்கள். வீடியோ கேமில் நான் ஆடிய சீசனில் சராசரி சரியாக வந்தது, ஆனால் கணினி அணி வாக்கே வாங்கவில்லை.

முதலில் கேம் செட்டிங்கில் என் பிட்சர்களின் (பந்து வீசுபவர்களின்) கன்ட்ரோலைக் குறைத்தேன். பந்து நடுவில் விழுந்து ஹோம் ரன்தான் கூடியது. அப்புறம் ஸ்ட்ரைக் ஸோனைச் சுருக்கினேன். பலனில்லை.

துப்பு கிடைத்தது பந்து எண்ணிக்கையில். உண்மையான ஆட்டத்தில் ஒரு பேட்டருக்குச் சராசரியாக 4-க்குச் சற்றுக் குறைவான பந்துகள். இங்கே 3-ஐத் தாண்டவில்லை. முதல் பந்துக்கே மட்டையைச் சுழற்றினால் நாலு பால் எப்படிச் சேரும்?

கணினி பேட்டரின் பொறுமை ஸ்லைடரை (செட்டிங்கில் அளவைக் கூட்டிக் குறைக்கும் பட்டை) மட்டும் ஏற்றி, மற்றதைப் பழையபடி வைத்தேன். வாக் வந்துவிட்டது, அப்பாடா! ஸ்ட்ரைக் அவுட்டும் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது) கூடவே ஏறியது. மட்டையில் பந்து படுவதை மாற்றும் கான்டாக்ட் ஸ்லைடரைத் தொடவே தேவைப்படவில்லை.