போனைக் கைக்கு எட்டாமல் வையுங்கள்

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். யார் மெசேஜ் என்று 3 நொடி குனிந்து பார்த்தால், 50 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

ஓட்டும்போது போனைத் தொடவே மாட்டேன் என்ற சபதமெல்லாம் முதல் சிக்னல் வரைக்கும்தான். (என் சபதத்தைத்தான் சொல்கிறேன்.) அதனால் கிளம்பும் முன்பே அதைப் பின் சீட்டில் வைத்துவிடுங்கள், டூ வீலர் என்றால் சீட்டுக்கு அடியில். மேப் வேண்டுமா? வண்டி நகரும் முன்பே போக வேண்டிய இடத்தைப் போட்டுவிட்டு, குரலை மட்டும் கேட்டால் போதும். ஐபோனில் டிரைவிங் ஃபோகஸை ஆன் செய்தால் அறிவிப்புகள் அடங்கிவிடும். 'ஓட்டிக்கொண்டிருக்கிறேன்' என்று தானாகவே பதில் போகும்படியும் வைக்கலாம். பல ஆண்ட்ராய்டு போன்களிலும் இதுபோன்ற வசதி உண்டு. ஹேண்ட்ஸ்ஃப்ரீயை நம்பாதீர்கள். கை காலியாக இருக்கும், கவனம் இருக்காது.

அப்புறம், பச்சை விழுந்தும் முன்னால் இருப்பவர் போனில் மூழ்கியிருந்தால் சின்னதாக ஒரே ஒரு ஹாரன் போதும். யாராவது கத்திக்கொண்டு வந்தால் முறைக்காதீர்கள், இறங்காதீர்கள். கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டி, வழி விடுங்கள். தப்பு அவர் மேலேயே இருக்கட்டும், பரவாயில்லை. விடாமல் பின்தொடர்ந்தால் நேராக வீட்டுக்குப் போகாமல் காவல் நிலையத்துக்கோ ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்குக்கோ வண்டியை விடுங்கள்.

நடந்து போகிறவர்கள் சாலையைக் கடக்கும்போது ஒரு காதிலிருந்தாவது இயர்போனைக் கழற்றிவிடுங்கள்.