காது திரும்பக் கேட்டதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உள்காதைத் தாக்கினால், சில வாரங்களிலோ மாதங்களிலோ இரண்டு காதும் மங்கிப்போகும். ஒரு நாள் நன்றாகக் கேட்கும், மறுநாள் கேட்காது. போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றி மாற்றி வைப்பார்கள். லூபஸ், ருமாட்டாய்டு மூட்டுவாதம் போன்ற, எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய்கள் உள்ளவர்களுக்கும் வரும், வேறு எந்த நோயும் இல்லாதவருக்கும் வரும்.

கடலூர் பக்கம் காது அடைத்தால் சளி என்று விட்டுவிடுவோம், இல்லையென்றால் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவோம். செவிப்பறைக்கு அப்பால் இருக்கும் உள்காதுக்கு அந்த எண்ணெய் போய்ச் சேராது. வீணாவது சிகிச்சைக்கான நாட்கள்தான்.

பெரிய தவறு நடப்பது குணம் தெரிந்த பிறகு. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் நாளுக்கு 60 மி.கி. வரை பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சுமார் 4 வாரம் கொடுத்துவிட்டு, அப்புறம் படிப்படியாகக் குறைப்பார்கள். பலருக்குக் காது திறந்துவிடும். கூடவே முகம் உப்பும், தூக்கம் கெடும், சர்க்கரை ஏறும். “ஸ்டீராய்டு ஆகாது, விட்டுடு” என்று யாராவது சொன்னதும் ஒரே நாளில் நிறுத்திவிடுவார்கள். போன காது மறுபடி போகும். அது மட்டுமல்ல, வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட்ட உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். தொந்தரவு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை அவர் குறைக்கட்டும்.

பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவதும் அதே அளவு தவறு. எலும்பு தேயும், கண்புரை வரும், உள்ளே உறங்கும் காசநோய் கிளம்பும்.

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதியிருந்தால் மிகக் கவனம் தேவை. அது வாரம் ஒரு நாள் மட்டுமே. தினமும் போட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிர் போகும். எந்தக் கிழமை என்று மாத்திரைப் பட்டையிலேயே பேனாவால் எழுதுங்கள். காதுக்கு மட்டும் என்றால் ஏன் என்று கேளுங்கள்: 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஸ்டீராய்டால் மீண்ட கேள்திறனைத் தக்கவைப்பதில் அது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. மூட்டுக்கோ வேறு உறுப்புக்கோ என்றால் கதை வேறு.

காது கேட்கும் அளவைக் கோடாகக் காட்டும் ஆடியோகிராம் தாள் எதையும் தூக்கிப் போடாதீர்கள், மருந்து வேலை செய்கிறதா என்பது பழைய கோட்டோடு ஒப்பிட்டால்தான் தெரியும். புதுச்சேரி ஜிப்மரில் காது மூக்கு தொண்டைப் பிரிவும் இருக்கிறது, எதிர்ப்புச் சக்தி நோய்களுக்கான இம்யூனாலஜி பிரிவும் இருக்கிறது. இரண்டு இடத்துக்கும் ஒரே ஃபைலைக் கொண்டுபோங்கள். கண் சிவந்து வலித்தால் அதையும் சொல்லுங்கள், காதும் கண்ணும் சேர்ந்து பாதிக்கும் கோகன் நோயாக இருக்கலாம்.

மருந்தில் மீளாவிட்டால் காது மெஷின் வைக்க வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள். அதுவும் போதாதவர்களுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கருவி, பெரும்பாலும் நல்ல பலன் தருகிறது. சிலருக்கு அழற்சியால் உள்காது எலும்பாக இறுகி, கருவி பொருத்துவதே கடினமாகிவிடும் என்பதால், இம்ப்ளான்ட் பேச்சை டாக்டரிடம் சீக்கிரமே எடுத்துவிடுவது நல்லது.