கலை நிறுவனத் தலைவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: கூத்துமாடத்திலிருந்து பார்த்தால்

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பொள்ளாச்சியிலிருந்து வந்தால் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிக் கொஞ்ச தூரம். வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், சந்தையில் இரண்டும் கலந்து. தை பிறந்ததிலிருந்து வைகாசி வரை எங்கள் பாலக்காடு மாவட்டத்துப் பகவதி கோயில்கள் பலவற்றில், கூத்துமாடம் என்ற மேடையில், தோலில் வெட்டிய பாவைகளைத் திரைக்குப் பின்னால் ஆட்டி நிழல் காட்டும் தோல்பாவைக் கூத்து நடக்கும். கேரளத்துக் காளி கோயில், கேட்பவர்கள் பெரும்பாலும் மலையாளிகள், பாடுவது கம்பராமாயணம். பாவை ஆட்டிப் பாட்டுக்கு அர்த்தம் சொல்பவர்களுக்குப் புலவர் என்றே பெயர்.

நான் கலைஞன் இல்லை. ஒரு கூத்துக் குழுவுக்குப் பத்து வருஷமாக விண்ணப்பம், கடிதம், பில் எல்லாம் எழுதிக் கொடுப்பவன். அதனால் தில்லி, சென்னை, தஞ்சாவூர், திருச்சூர் என்று பல ஊர் கலை நிறுவனங்களின் கடிதங்கள் என் கையில் வந்து போகின்றன. ஒரு நிறுவனத்தின் தலைவர் மாறினால் அது முதலில் தெரிவது அந்தக் கடிதங்களில்தான். இப்படிப்பட்ட பொறுப்புக்கு வருகிறவர்கள் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனாலும் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: கலையை நிகழ்ச்சியாக மட்டும் பார்ப்பது. நிகழ்ச்சிக்கு முன்னால் இருக்கும் பதினைந்து வருஷப் பயிற்சியும், பின்னால் இருக்கும் வீடும் கண்ணில் படாமல் போவது.

பதினைந்து நிமிஷம்

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரிய நகரத்து விழாவுக்கு எங்கள் குழுவைக் கூப்பிட்டார்கள். கடிதத்தில் நேரம் 15 நிமிஷம் என்று இருந்தது. எழுபது தாண்டிய எங்கள் மூத்த புலவர் இரண்டு நாள் யோசித்து நாகபாசத்தை எடுத்தார். இந்திரசித்து விட்ட பாசத்தில் இலக்குவன் கட்டுண்டு விழுவான், அப்புறம் கருடன் வந்து இறங்குவான், கட்டு அறும். கூத்துமாடத்தில் அந்தக் கட்டத்துக்கு ஊரே காத்திருக்கும். ஒரே ஒரு பாட்டை எடுத்து, அதில் வரும் ஒரு சொல்லுக்கு மட்டும் அரை மணி நேரம் விளக்கம் சொல்வார் புலவர். இடையில் இலக்கணம் வரும், வைத்தியம் வரும், வேறு புராணம் வரும். சுற்றிவிட்டுத் திரும்பக் கம்பனிடமே வந்து சேர்வார்.

போன இடத்தில் விளக்கு வைக்க அனுமதி இல்லை என்றார்கள். தீப்பிடிக்கும் பயம். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கூத்துமாடத்தில் திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி 21 விளக்கு வரிசையாக எரியும். சுடர் அசைய அசைய, தோலில் குத்திய துளைகள் வழியாக வெளிச்சமும் அசையும். பாவை மூச்சு விடுவது போல இருக்கும். அங்கே எல்இடி பட்டை ஒன்றைக் கட்டித் தந்தார்கள். வெளிச்சம் நன்றாக இருந்தது, பாவை மட்டும் சுவரில் ஒட்டிய படம் போல நின்றது. அப்புறம் சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானதால் 15 நிமிஷம் 7 நிமிஷம் ஆயிற்று. கருடன் பெட்டியை விட்டு வெளியே வருவதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

திரும்பும்போது ரயிலில் புலவர் ரொம்ப நேரம் பேசவில்லை. ஈரோடு தாண்டி, "தம்பி, இலக்குவன் இன்னும் கட்டுலயேதான் கெடக்கறான்" என்றார். மறுநாள் காலை குளித்துவிட்டுத் தன் வீட்டுத் திண்ணையில் ஒரு விளக்கை ஏற்றி வைத்து, யாருமே இல்லாமல், மிச்சத்தைப் பாடி முடித்தார். பாவை எடுக்கவில்லை. பாட்டு மட்டும்தான். நான் பில்லில் கையெழுத்து வாங்கப் போனவன், வாசலில் நின்று கேட்டேன்.

யாருமே இல்லாமல் பாடுவது இந்தக் கலைக்குப் புதிதில்லை. காளி தாரிகன் என்ற அசுரனோடு போர் செய்துகொண்டிருந்ததால் இராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போயிற்று, அந்தக் குறை தீரத்தான் கூத்து என்பது ஐதீகம். அதனால் முன்னால் ஆள் இல்லாவிட்டாலும் விடிய விடியப் பாடுவார்கள். பார்ப்பவள் அவள். 7 நாள், 14 நாள், 21 நாள் என்று கோயிலுக்குக் கோயில் கணக்கு உண்டு. இதை அறிந்த ஒருவர் கடிதத்தில் 15 நிமிஷம் என்று எழுதமாட்டார்.

நேரத்தைக் குறைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நகரத்தில் வேலைக்குப் போகிறவர் விடியும் வரை உட்கார முடியாது. பாவைக்கூத்துக் கலைஞர்களே வெளியூர் மேடைக்கென ஒரு மணி நேர வடிவம் செய்து வைத்திருக்கிறார்கள், அது நன்றாகவும் இருக்கிறது. அதை அவர்கள் செய்தார்கள் என்பதுதான் முக்கியம். "எதை விடாமல் எவ்வளவு குறைக்கலாம்?" என்று கலைஞரைக் கேட்டுவிட்டு நிகழ்ச்சி நிரல் போட வேண்டும். இருபது குழுவைக் கூப்பிட்டு ஆளுக்குக் கால் மணி தருவதை விட, நான்கு குழுவைக் கூப்பிட்டு ஆளுக்கொரு மாலை தரலாம்.

எந்த மாநிலம், எந்த மொழி

விண்ணப்பப் படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கும். மாநிலம், மொழி. மாநிலத்தில் கேரளம் என்று எழுதுவோம். மொழியில் தமிழ் என்று எழுதினால் ஒரு முறை திரும்பி வந்தது, மலையாளம் என்று எழுதினால் இன்னொரு முறை பாட்டின் மாதிரியைப் பார்த்துவிட்டு விளக்கம் கேட்டார்கள். பாட்டு கம்பனுடையது, உரை தமிழும் மலையாளமும் கலந்தது, இடம் பாலக்காடு. இதைச் சொல்ல அந்தக் கட்டத்தில் இடம் போதாது.

இது குமாஸ்தாவின் பிரச்சினை என்று தலைவர் நினைத்துவிடக் கூடாது. இசை, நடனம், நாடகத்துக்கான மத்திய அமைப்பான சங்கீத நாடக அகாதமியின் பொதுக்குழுவில் ஒவ்வொரு மாநில அரசும் ஒருவரை நியமிக்கிறது. ஏற்பாடு நல்லதுதான். ஆனால் எல்லையில் வாழும் கலைக்கு யார் பேசுவது? கேரளத்திலிருந்து போகிறவர் மனதில் கதகளியும் கூடியாட்டமும் முன்னால் நிற்கும். தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு நாங்கள் வேறு மாநிலம். எங்கள் ஆலத்தூர், சித்தூர் பக்கத்துக் கோயில் ஆட்டமான கண்யார்களியின் பாட்டுகளிலும் தமிழ் கலந்து வரும். மொழிவாரி மாநிலம் பிரித்தது 1956இல். இந்தக் கலைகள் அதற்கு எத்தனையோ காலம் முந்தியவை. தஞ்சாவூரில் இருக்கும் தென்னகப் பண்பாட்டு மையம் போன்ற மண்டல மையங்களின் பலமே பல மாநிலங்களை ஒரே குடைக்குள் வைத்திருப்பதுதான். அங்கேயும் மாநிலவாரிப் பட்டியல் போட்டு ஒதுக்கீடு செய்தால் அந்தப் பலம் வீணாகிறது.

தள்ளிப் போகும் மரியாதை

அகாதமியின் 2019, 2020, 2021 ஆகிய மூன்று ஆண்டு விருதுகளும் 2022 நவம்பரில் ஒரே சமயத்தில் அறிவிக்கப்பட்டன. தொற்றுக் காலம் நடுவில் வந்தது, புரிகிறது. 75 வயதைக் கடந்தும் அதுவரை தேசிய அளவில் எந்தக் கௌரவமும் கிடைக்காத 84 கலைஞர்களுக்கு அமிர்த விருது என்று தனியாக ஒன்று 2023இல் கொடுக்கப்பட்டது. அந்த மேடையைப் பார்த்தபோது சந்தோஷமாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. நாற்பது வயதில் கிடைத்திருந்தால் அந்தப் பெயரை வைத்து நான்கு சீடர்களைச் சேர்த்திருப்பார்கள். எண்பதில் சால்வையைத் தாங்கத்தான் தோளில் பலம் இருக்கிறது. நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2006 முதல் பிஸ்மில்லா கான் பெயரில் இளைஞர் விருது இருக்கிறது, அது நல்ல காரியம். இடையில் இருக்கும் நாற்பது, ஐம்பது, அறுபதுகள்தான் கலையை உண்மையில் சுமக்கும் வயது. தேர்வுக்குழுவைக் கூட்டும் தேதியைத் தள்ளிப் போடாத தலைவர் பாதி வேலையைச் செய்துவிட்டார் என்பேன்.

சரி, விருதை விடப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

மாதச் சம்பளம் தந்த கதை

கூடியாட்டம் பிழைத்தது எப்படி என்பதைக் கலை நிர்வாகத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். அது கேரளத்தின் பழைய சமஸ்கிருத நாடகம், கோயிலின் நாடக அரங்கான கூத்தம்பலத்துக்குள் சாக்கியார், நங்கியார் குடும்பங்கள் மட்டும் ஆடி வந்த கலை. பைங்குளம் ராம சாக்கியார் 1949இல் அதைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்தார், சொந்தச் சமூகத்தின் எதிர்ப்பையும் தாங்கினார். 1965இல், கேரளக் கலைகளைக் கற்றுத்தரும் நிறுவனமான கேரள கலாமண்டலத்தில் கூடியாட்டத்துக்குத் துறை தொடங்கியது. சாதி பார்க்காமல் பிள்ளைகள் சேர்ந்தார்கள். பிறகு 1990களில் சங்கீத நாடக அகாதமி குருவுக்கும் மாணவருக்கும் தொடர்ந்து உதவித்தொகை கொடுத்து ஆதரித்தது. 2001இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் சிகரங்களில் ஒன்றாக அதை அறிவித்தது. உலகப் பெயர் வருவதற்கு முன்பே குருவின் அடுப்பு எரிந்தது என்பதைக் கவனியுங்கள்.

பல நிறுவனங்களில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. முதலில் விழா, அப்புறம் ஆவணப்படம், அப்புறம் புத்தகம், பணம் மிஞ்சினால் மாணவனுக்கு உதவி. எங்கள் கூத்தையே பாருங்கள். பாவை வெட்டுவது மான்தோலில். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு மான்தோல் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. இப்போது ஆட்டுத்தோல் வாங்குகிறார்கள். அது பழைய பாவை போல உழைப்பதில்லை, மழைக்காலத்தில் சுருண்டு கொள்கிறது. தோலை எப்படிப் பதப்படுத்தினால் நிற்கும் என்று சென்னையில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திடம் ஒரு தலைவர் கேட்டு வாங்கித் தந்தால், அது பத்து விழாவுக்குச் சமம்.

பதிவு செய்வதிலும் இதே தவறுதான். விடிய விடிய வீடியோ எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் பதிவு தலைநகரத்தில் ஒரு குளிர்சாதன அறையில் பத்திரமாக இருக்கும். இங்கே பேரன் தாத்தாவின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய இரண்டு நிமிஷத் துண்டுதான் கிடைக்கும். ஒரு பிரதியைப் பாடியவர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போக எவ்வளவு செலவாகிவிடும்?

நாற்காலியும் வாசலும்

பெரிய ஆளுமை ஒருவர் தலைமையில் இருந்தால் போதும், எல்லாம் நடக்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் அதிகம். கலாமண்டலத்தை 1930இல் கவிஞர் வள்ளத்தோளும் மணக்குளம் முகுந்த ராஜாவும் தொடங்கினார்கள். லாட்டரிச் சீட்டு விற்றுப் பணம் திரட்டினார் வள்ளத்தோள். அவ்வளவு பாடுபட்டவரே 1941இல் நிறுவனத்தைக் கொச்சி அரசின் கையில் கொடுத்தார். தன் பேருக்கும் உழைப்புக்கும் அப்பால் அதற்கு ஒரு நிலையான ஆதாரம் வேண்டும் என்று, தான் உயிரோடு இருந்தபோதே செய்த காரியம் அது. சென்னையில் ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்ராவுக்கு, அவர் 1986இல் காலமாகி ஏழு வருஷம் கழித்துத்தான் 1993இல் நாடாளுமன்றச் சட்டம் வந்தது. தனக்குப் பின் யார், எந்த விதியின்படி என்பதை நாற்காலியில் உட்கார்ந்த முதல் வருஷத்திலேயே எழுதி வைக்கத் தயங்கக் கூடாது.

வாசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலாமண்டலத்தில் பெண்கள் முறையாகக் கதகளி படிக்கச் சேர்ந்தது 2021இல்தான். தொடங்கி 91 வருஷம் கழித்து. மோகினியாட்டத்தில் ஆண்பிள்ளைகளைச் சேர்க்க முடிவெடுத்தது 2024இல். இரண்டுக்கும் பெரிய கட்டடமோ நிதியோ தேவைப்படவில்லை, ஒரு கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதுமாக இருந்தது. மரபு என்ற சொல்லுக்குப் பயந்து தள்ளி வைத்த வருஷங்களில் எத்தனை பெண்பிள்ளைகள் கதகளிப் பயிற்சிக் களரியின் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

குருபக்தி என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். தங்கிப் படிக்கும் இடத்தில் பிள்ளைகள் புகார் சொன்னால், குருவைப் பழிக்கிறாய் என்று வாயை அடைக்கக் கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க்குழு இருந்தாக வேண்டும் என்று, வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்க வந்த 2013 சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவில் யார் யார், எந்த எண்ணில் கூப்பிடுவது என்று விடுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்பதைத் தலைவர் தாமே போய்ப் பார்க்க வேண்டும்.

பில்

கடைசியாக என் சொந்த வேலை. மேலே சொன்ன அந்த விழாவுக்கு ஐந்து பேர் போனோம். பாவைப் பெட்டி, திரைச்சீலை, மத்தளம். பெட்டி ரயிலில் ஏறாமல் ஸ்டேஷனில் சுமைக்கூலி 400 ரூபாய் கொடுத்தோம். ரசீது இல்லை என்று அந்த 400 கழிக்கப்பட்டது. மீதிப் பணம் வர எட்டு மாதம் ஆனது. அதற்குள் மத்தளம் வாசித்தவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். அடுத்த கூத்துக் காலத்துக்குக் கூப்பிட்டோம், லீவு கிடைக்கவில்லை என்றார். அவருக்குப் பதிலாக வாசிக்க இன்றுவரை எங்களுக்கு ஆள் அமையவில்லை. பக்கத்துக் குழுவிலிருந்து கேட்டு வாங்கி ஓட்டுகிறோம்.

புதிதாகப் பொறுப்பேற்கும் ஒரு தலைவர் எங்கள் பக்கம் வருவதாக இருந்தால் பங்குனியில் வரலாம். முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், சொன்னால் கோயில் கமிட்டி பந்தல் போட்டு மைக் வைத்துவிடும். இரவு பத்து மணிக்கு மேல் விளக்கு ஏற்றுவார்கள். முதலில் பட்டர் பாவைகள் வந்து துதி சொல்லும், அப்புறம் கதை. நடுராத்திரிக்கு மேல் முன்னால் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள், அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். இரண்டு மணி வாக்கில் திரைக்குப் பின்னால் போய் உட்காரலாம், புலவர் வேண்டாம் என்று சொல்லமாட்டார். பாய் இருக்கும். விளக்கில் எண்ணெய் குறைந்தால் ஊற்றுவதற்கு அங்கே எப்போதும் ஆள் குறைவு.