வில்லிஸ் ஜீப்பில் ஸ்டீயரிங் ஆட்டம்: எங்கே தேடுவது, எப்படிச் சரிசெய்வது

பர்மாவில் யுத்த கால வில்லிஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். ஸ்டீயரிங்கை நாலு விரற்கடை திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். அப்புறம் திடீரென்று ஒரு பக்கம் இழுக்கும். மாண்டலேயிலிருந்து மேமியோ ஏறும் வளைவுகளில் இது விளையாட்டல்ல. 1970இல் நாடு வலப்பக்கப் போக்குவரத்துக்கு மாறிய பிறகும் இங்கே பல கார்களுக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம்தான். அந்த வகையில் இடப்பக்க ஸ்டீயரிங் உள்ள நம் ஜீப் கொடுத்துவைத்தது. ஆட்டத்தை மட்டும் போக்கிவிட்டால் போதும்.

பட்டறைக்குப் போனால் பாதிப் பேர் முதலில் ஸ்டீயரிங் பெட்டியின் (ஸ்டீயரிங் தண்டின் அடியில், சுழற்சியைத் தள்ளலாக மாற்றும் பெட்டி) திருகைத்தான் முறுக்குவார்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள். தேய்மானம் வேறெங்கோ இருக்க, பெட்டியை இறுக்கினால் ஆட்டமும் போகாது, பெட்டியும் கெடும்.

முதலில் டயர்களில் காற்று இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். முன் ஸ்பிரிங்கின் யூ போல்டுகளையும், ஸ்டீயரிங் பெட்டியைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் போல்டுகளையும் இறுக்கிப் பாருங்கள். பெட்டியே அசைந்தால் மற்ற வேலை எல்லாம் வீண்.

அடுத்ததற்கு ஒரு துணையாள் வேண்டும். வண்டி சமதளத்தில், நாலு சக்கரமும் தரையில், இன்ஜின் அணைந்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நிற்கட்டும். "தம்பி, மெதுவா ரெண்டு பக்கமும் ஆட்டு" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் அடியில் படுத்துக்கொள்ளுங்கள். பெட்டியிலிருந்து வரும் கையான பிட்மேன் ஆர்ம், அதைப் பெல் கிராங்க்கோடு இணைக்கும் கம்பியான டிராக் லிங்க், பெல் கிராங்க், அங்கிருந்து சக்கரங்களுக்குப் போகும் இரண்டு டை ராடுகள் என்று வரிசையாக ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வையுங்கள். மூட்டின் ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் சும்மா இருந்தால் ஆட்டம் அங்கேதான். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும்.

இந்த ஜீப்பில் பெரும்பாலும் குற்றவாளி பெல் கிராங்க்தான். முன் ஆக்ஸிலில் ஒரு தண்டின் மேல் சுழலும் துண்டு அது. டிராக் லிங்க்கின் தள்ளலை வாங்கி இரண்டு டை ராடுகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. தேய்ந்திருந்தால், தம்பி ஆட்டும்போது அது சுழல்வதற்கு முன் ஒரு பக்கம் சாயும். தண்டைச் சுற்றிச் செம்பழுப்புத் துருப்பொடி கசிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி வெகு நாளாகிவிட்டது என்று அர்த்தம். மழைக்காலத்துச் சேறு இங்கே முதலில் புகும். கழற்றி, தண்டையும் பேரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த தண்டில் புதுப் பேரிங் போட்டால் காசுதான் தண்டம். பாகம் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் புதுத் தண்டும் வெண்கலப் புஷ்ஷும் கடைந்து தருவார்கள். கிரீஸ் போக வழி விடச் சொல்ல மறக்காதீர்கள்.

டிராக் லிங்க்கில் இரு முனையிலும் ஸ்பிரிங்கும் திருகு மூடியும் இருக்கும். மூடி கழலாமல் பூட்டும் கோட்டர் பின்னை எடுத்து, மூடியை உள்ளிருக்கும் பந்து முனையில் நன்றாக முட்டும்வரை முறுக்கி, பெல் கிராங்க் முனையில் அரைச் சுற்றும் பிட்மேன் ஆர்ம் முனையில் ஒரு சுற்றும் தளர்த்துங்கள். புதுக் கோட்டர் பின்தான் போட வேண்டும், பழையதை நிமிர்த்திப் போடாதீர்கள். டை ராடு முனைகள் ஆடினால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

இனிச் சக்கரம். ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் உறுதியான தாங்கி கொடுத்த பிறகு, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து உலுக்குங்கள். ஆடினால் தம்பியை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி உலுக்குங்கள். ஆட்டம் நின்றால் சக்கர பேரிங். நிற்காவிட்டால் கிங் பின், அதாவது சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சு. பேரிங் நட்டைச் சக்கரம் இறுகும்வரை முறுக்கி, ஆறில் ஒரு பங்கு சுற்று தளர்த்திப் பூட்டுங்கள். கிங் பின்னுக்கு ஷிம் என்ற மெல்லிய தகட்டை எடுக்க வேண்டும்; முதல் தடவை அனுபவமுள்ளவர் பக்கத்தில் இருக்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆட்டம் மிஞ்சினால்தான் பெட்டி. உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டிராக் லிங்க்கைப் பிட்மேன் ஆர்மிலிருந்து கழற்றிவிடுங்கள். ஸ்டீயரிங்கை நட்டநடுவில் வைத்துப் பக்கவாட்டுத் திருகின் பூட்டு நட்டைத் தளர்த்துங்கள். இந்த ஜீப்பில் உள்ள ராஸ் வகைப் பெட்டிக்குள் இருக்கும் திருகுப் பள்ளம் நடுவில் வேண்டுமென்றே குறுகலாக வெட்டப்பட்டது. ஓரத்தில் வைத்து இறுக்கினால் நடுவில் வந்து பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகச் சுழற்றுங்கள். நடுவைத் தாண்டும்போது மட்டும் இலேசான ஒரு பிடிப்பு தெரிந்தால் போதும்.

எல்லாம் பூட்டியபின் டோ இன் பாருங்கள். முன் டயர்களுக்கு இடையே முன்பக்க அளவு, பின்பக்கத்தைவிட 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். பிறகு காலியான சாலையில் மெதுவாக ஓட்டி ஒரு வளைவு திரும்புங்கள். ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாமல் முரண்டு பிடித்தால் பெட்டித் திருகை ஒரு துளி தளர்த்துங்கள்.