‘ஓவர் அண்ட் அவுட்’ என்று எழுதாதீர்கள்: அறிபுனைக் கதைகளில் ரேடியோவும் குழு நகர்வும்

“ரோஜர், வில்கோ! எதிரிகள் அங்கே இருக்கிறார்கள். எல்லாரும் என் பின்னால் ஓடி வாருங்கள். ஓவர் அண்ட் அவுட்!”

அறிபுனைக் கதைகளின் கைப்பிரதிகளில் இந்த மாதிரி ஒரு வசனத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். வேகம் இருக்கிறது, ராணுவ வாசனையும் அடிக்கிறது. ஆனால் ஒரே மூச்சில் ஐந்து தவறுகள் இருக்கின்றன. ‘ரோஜர்’ தேவையில்லாத இடத்தில் வருகிறது. ‘அங்கே’ என்றால் எங்கே என்று யாருக்கும் தெரியாது. எல்லாரும் சேர்ந்து ஓடினால் அவர்களுக்குக் காவலாகச் சுட ஆளில்லை. ‘ஓவர்’, ‘அவுட்’ இரண்டும் ஒன்றாக வரவே முடியாது. இதற்கெல்லாம் மேலே, அவர் தளத்தோடு பேசுகிறாரா, தன் ஆட்களோடு பேசுகிறாரா என்பதே புரியவில்லை.

இந்தச் சொற்களையும் ஓட்டங்களையும் அலங்காரமாக எடுத்துக்கொள்வதால்தான் இப்படி ஆகிறது. இவை ஒவ்வொன்றும் ஏதோ ஒன்று பழுதாகும் இடத்தில் பிறந்தவை. அந்தப் பழுது என்னவென்று தெரிந்தால், செவ்வாயிலோ வேறு சூரியக் குடும்பத்திலோ உங்கள் வீரர்கள் எப்படிப் பேசுவார்கள், எப்படி நகர்வார்கள் என்பதை நீங்களே உருவாக்கிவிடலாம்.

முதலில் அந்தப் பொத்தான்

கையடக்க வாக்கி டாக்கி ஒரு ஜோடி கிடைத்தால் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். பொத்தானை அழுத்தியிருக்கும்போது நீங்கள் பேசலாம், கேட்க முடியாது. விட்டால் கேட்கலாம், பேச முடியாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் மற்றவர்களுக்கு இரைச்சல்தான் மிஞ்சும். அழுத்திய கையோடு பேச ஆரம்பித்தால் முதல் அசை காணாமல் போகும். அவசரத்தில் விரலைச் சீக்கிரம் எடுத்தால் கடைசி அசை போகும். தொலைபேசியில் பேசுவது போல ஒருவரை ஒருவர் இடைமறித்து வசனம் எழுதுகிறவர்கள் இதை ஒருமுறை அனுபவித்தால் போதும்.

‘ஓவர்’ இங்கிருந்து வருகிறது. ‘நான் பேசி முடித்தேன், விரலை எடுத்துவிட்டேன், உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்’ என்று பொருள். ‘அவுட்’ என்றால் உரையாடல் முடிந்தது, பதில் வேண்டாம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ‘பதில் சொல், பதில் சொல்லாதே’ என்றாகிவிடும்.

‘ரோஜர்’ என்பதற்கு ‘ஆமாம்’ என்று பொருளில்லை. ‘நீ சொன்னது முழுதாக வந்து சேர்ந்தது’ என்பது மட்டுமே பொருள். ‘ரிசீவ்ட்’ என்ற சொல்லின் முதல் எழுத்து ஆர். ரேடியோவில் எழுத்து குழம்பாமல் இருக்க ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல் வைத்திருப்பார்கள். பழைய வரிசையில் ஆர் எழுத்துக்கு ரோஜர் என்று பெயர். 1956-இல் இன்றைய வரிசை நடைமுறைக்கு வந்தபோது அது ரோமியோ ஆகிவிட்டது, ஆனாலும் ரோஜர் மட்டும் பிழைத்துக்கொண்டது. ‘வில்கோ’ என்றால் ‘வந்து சேர்ந்தது, சொன்னபடி செய்கிறேன்’. ரோஜர் அதற்குள்ளேயே இருப்பதால் இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தேவையில்லை. ‘பாலம் பாதுகாப்பாக இருக்கிறதா?’ என்று கேட்டால் அதற்கும் ரோஜர் பதிலாகாது. அதற்கு ‘அஃபர்மேட்டிவ்’ (ஆம்), ‘நெகட்டிவ்’ (இல்லை) இருக்கின்றன.

இந்த வேறுபாடு ஒரு கதாசிரியருக்குப் பெரிய பரிசு என்பேன். குடியிருப்பின் மேல் சுடும்படி கட்டளை வருகிறது. உங்கள் நாயகி ‘ரோஜர்’ என்று மட்டும் சொல்கிறாள், ‘வில்கோ’ சொல்லவில்லை. மேலே தளத்தில் ஒருவர் நிமிர்ந்து உட்காருகிறார். ஒரு பக்க உள்மனப் போராட்டத்தை ஒரு சொல்லின் இல்லாமை செய்து முடித்துவிடும். ஆனால் முந்தைய பக்கங்களில் நீங்கள் இந்தச் சொற்களைச் சரியாகப் பயன்படுத்தியிருந்தால்தான் இது வாசகருக்குப் போய்ச் சேரும்.

இன்னொன்று: சரியாகக் கேட்கவில்லை என்றால் ‘ரிப்பீட்’ சொல்ல மாட்டார்கள். அமெரிக்க, நேட்டோ பீரங்கிப் படை வழக்கில் அந்தச் சொல்லுக்கு ‘முன்பு சுட்ட அதே குண்டுகளை மறுபடியும் சுடு’ என்று பொருள். அதனால் ‘சே அகெய்ன்’ என்பார்கள். அழைக்கும்போது கேட்க வேண்டியவரின் பெயர் முதலில், பேசுகிறவரின் பெயர் அடுத்து. தன் பெயர் காதில் விழுந்தால்தான் ஆள் கவனிப்பார்.

வசனத்துக்கு வசனம் ‘பீப்’ போடுவதையும் விட்டுவிடலாம். அப்பல்லோ நிலவுப் பயணப் பதிவுகளில் கேட்கும் அந்த ஒலி, தரைக் கட்டுப்பாட்டிலிருந்து தொலைதூர ஒலிபரப்பிகளை இயக்கவும் நிறுத்தவும் அனுப்பிய குறி. நிலவில் நின்றவர்களின் கருவி அதை எழுப்பவில்லை.

தமிழில் பேசும் வீரர்கள்

உங்கள் எதிர்காலப் படை தமிழில் பேசுகிறதா? அப்படியானால் ஆங்கிலச் சொற்களை வரிசையாக மொழிபெயர்ப்பது போதாது. தமிழ் ஒலி அந்தப் பொத்தானில் எங்கே உடையும் என்று பார்க்க வேண்டும்.

தமிழில் எதிர்மறை வினையின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. ‘முடியும்’, ‘முடியாது’. ‘சுடு’, ‘சுடாதே’. விரல் அரை வினாடி முன்னால் விலகினால் ‘சுடா…’ என்பதோ வெறும் ‘சுடு’ போன்ற ஓர் ஒலியோதான் போய்ச் சேரும். உயிர் போகிற இடத்தில் இதை விட்டுவைக்க மாட்டார்கள். தடைக்கட்டளைக்கு வேறு சொல்லையே வைப்பார்கள்: ‘நிறுத்து, நிறுத்து’.

எண்களில் முன்பாதிதான் ஆபத்து. இருபது, அறுபது, எழுபது, எண்பது எல்லாம் ‘பது’ என்று முடிகின்றன, ஒன்பதும் அப்படித்தான். முதல் அசை வெட்டுப்பட்டால் எது எண்பது, எது ஒன்பது? போதாக்குறைக்கு ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்ற குழப்பம் வேறு. அதனால் இலக்கம் இலக்கமாகச் சொல்வதுதான் சரி: ‘ஒன்பது, சுழி, சுழி’. இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டுக்கும் இதே கதிதான், ஓர் அசை போனால் இரண்டும் ஒன்று. கடிகாரத் திசை பாதுகாப்பானது. போகும் திசை பன்னிரண்டு மணி, வலப்புறம் மூன்று மணி. யாருடைய பன்னிரண்டு என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். எடையற்ற வெளியில் மேலும் கீழும் சேர்ந்துகொள்ளும், அதற்கும் ஒரு சொல் வேண்டும்.

அழைப்புப் பெயர்களுக்குப் புறத்திணைப் பூக்கள்தான் எனக்கு முதலில் தோன்றும். நிரை கவரும் வெட்சியும் அதை மீட்கும் கரந்தையும் போருக்கென்றே நம்மிடம் இருக்கின்றனவே. ஆனால் வஞ்சியையும் காஞ்சியையும் ஒரே குழுவில் வைக்காதீர்கள். இரைச்சலில் இரண்டும் ‘…ஞ்சி’தான். வாகை, கரந்தை, நொச்சி என்று எடுத்தால் நீளமும் ஒலியும் வேறுபடும்.

‘ரோஜர்’ என்பதற்குச் சிலர் ‘கேட்டேன்’ என்று எழுதுகிறார்கள். தமிழில் கேட்பது காதாலும் நடக்கும், வாயாலும் நடக்கும். ‘தளத்தைக் கேட்டேன்’ என்றால் தளம் பேசியது காதில் விழுந்ததா, இவர் தளத்திடம் ஏதாவது கேட்டாரா? ‘கிடைத்தது’ தெளிவாக இருக்கும். வில்கோவுக்கு ‘செய்கிறேன்’. எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே வைத்திருங்கள்.

‘அங்கே’ என்று ஒரு திசை இல்லை

எதிரியைக் கண்டவர் சொல்ல வேண்டியவை மூன்று: எந்தத் திசை, எத்தனை மீட்டர் தூரம், எப்படி இருக்கிறது. ‘எதிரி. பதினொரு மணி. இரண்டு, சுழி, சுழி. சாய்ந்த ஆன்டெனாவின் அடியில் மூன்று பேர்.’ இதைச் சொல்ல ஆறேழு வினாடி போதும். வாசகரின் மனத்திலும் களம் வரைபடமாக விரிந்துவிடும். இப்படி ஓர் அறிவிப்பை எழுதிவிட்டால், அப்புறம் நிலக்காட்சி வர்ணனைக்கு ஒரு பத்தி தேவைப்படாது.

சேர்ந்து ஓடாதீர்கள்

அமெரிக்கத் தரைப்படையின் காலாட்குழுவில் ஒன்பது பேர்: ஒரு தலைவர், நால்வர் கொண்ட இரண்டு அணிகள். அவர்களுடைய கடற்படைக் காலாட்படையில் நெடுங்காலம் பதின்மூன்று பேர், மூன்று அணிகள். ஏன் இப்படிப் பிரிக்கிறார்கள்? ஓர் அணி நகரும்போது இன்னோர் அணி நின்று, எதிரியைத் தலைதூக்க விடாமல் சுட வேண்டும். குழு நகர்வின் உயிர் இதுதான். உங்கள் கதையில் ஒருவர் ஓடினால், அந்த நொடியில் அவருக்காகச் சுடுவது யார் என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும்.

படங்களில் வீரர்கள் தோளோடு தோள் ஒட்டி நடப்பது சட்டகத்துக்குள் அடங்குவதற்காக. எழுத்துக்குச் சட்டகம் கிடையாது. திறந்தவெளியில் ஆளுக்கு ஆள் ஏறக்குறைய 10 மீட்டர் விடுவது வழக்கம். நெருங்கி நின்றால் ஒரே வெடிகுண்டு அணியையே முடித்துவிடும். அந்த இடைவெளி கதைக்கும் நல்லது. பக்கத்து ஆளின் முகம் தெரியாது, பயத்தில் மூச்சுவாங்குவது கேட்காது. நெருக்கம் ரேடியோவில் மட்டும்தான் இருக்கும்.

வழக்கமான அமைப்பு ஆப்பு வடிவம்: ஒருவர் முன்னால், மற்றவர்கள் இருபுறமும் பின்வாங்கிச் சரிவாக. முன்னாலும் பக்கங்களிலும் சுட முடியும், கட்டுப்படுத்துவதும் எளிது. இருட்டிலும் குறுகிய வழியிலும் ஒற்றை வரிசை, ஆனால் எதிரி முன்னால் வந்தால் முதல் ஆள் மட்டுமே சுட முடியும். எல்லாரும் பக்கம் பக்கமாக ஒரே கோட்டில் நிற்கும் அமைப்பு பாய்ந்து தாக்குவதற்கு, ஆனால் அதன் பக்கங்கள் பலவீனம். இவ்வளவு தெரிந்தால் பெரும்பாலான கதைகளுக்குப் போதும்.

ஓர் அணி தாவ, இன்னோர் அணி காக்க, மாறி மாறி முன்னேறும் முறை சரியானதுதான். ஆனால் சிலர் தங்கள் வீரர்களை இருபது கிலோமீட்டரும் அப்படியே கூட்டிப் போகிறார்கள். அது மிக மெதுவானது, ஆளைக் கொன்றுவிடும் களைப்பு. எதிரி நிச்சயம் இருக்கிறான் என்னும்போதுதான் அதற்கு மாறுவார்கள். இருக்கலாம் என்னும்போது இரு அணிகளுக்கும் நடுவே தூரத்தைக் கூட்டிக்கொண்டு நடப்பார்கள். எதிர்பார்க்காதபோது சாதாரணமாக நடப்பார்கள். எந்த முறையில் நடக்கிறார்கள் என்பதை வைத்தே வாசகருக்கு ஆபத்தின் அளவு தெரிந்துவிடும்.

அப்புறம் ஓட்டத்தின் நீளம். சுடப்படும்போது ஒருவர் எழுந்து ஓடுவது மூன்று முதல் ஐந்து வினாடிதான். பயிற்சியில் மனத்துக்குள் ஒரு வாய்பாடு சொல்லிக்கொள்வார்கள்: ‘எழுந்தேன், பார்த்துவிட்டான், விழுந்தேன்.’ விழுந்த இடத்திலிருந்தே மறுபடி எழக் கூடாது, கொஞ்சம் புரண்டோ ஊர்ந்தோ நகர்ந்துதான் எழ வேண்டும். விழும் இடம் மறைவா, காப்பா என்பதும் முக்கியம். புதர் மறைவு, கண்ணிலிருந்து மட்டும் ஒளிக்கும். பாறை காப்பு, தோட்டாவையும் தடுக்கும். விண்கலத்தின் உட்சுவர்த் தகடு பெரும்பாலும் மறைவு மட்டுமே. கதாநாயகன் அதன் பின்னால் நின்று வசனம் பேசிக்கொண்டிருக்க முடியாது.

உங்கள் உலகம் இதையெல்லாம் மாற்றும்

பூமியின் கையேட்டை அப்படியே நிலவுக்குக் கொண்டுபோவதுதான் நான் அதிகம் வருந்தும் தவறு. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பூமியில் விழ 0.45 வினாடி. ஈர்ப்பு ஆறில் ஒரு பங்காக இருக்கும் நிலவில் 1.1 வினாடி. மூன்று வினாடி ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை விழுவதிலேயே செலவழிப்பார், வழியில் நிறுத்தவும் முடியாது. எம்பி ஓடினால் இன்னும் மோசம். எனவே உங்கள் நிலவு வீரர் தாழ்ந்து, கால்களை இழுத்தபடி, பாறைக்குப் பாறை சறுக்கிப் போவார்.

காற்றில்லாததால் துப்பாக்கிச் சத்தம் இல்லை. தோட்டா எந்தத் திசையிலிருந்து வந்தது என்று காதால் அறிய முடியாது. பக்கத்தில் துள்ளும் தூசிதான் முதல் எச்சரிக்கை. ரேடியோ செத்துவிட்டால் கத்தியும் பயனில்லை, இரு தலைக்கவசங்களை ஒட்டவைத்துப் பேச வேண்டும். கண்மட்டத்திலிருந்து தொடுவானம் பூமியில் 4.6 கிலோமீட்டர், நிலவில் 2.4 மட்டுமே. குன்றுக்கு அப்பால் போன அணியோடு பேச, மேலே ஒரு துணைக்கோளோ உயரமான கம்பமோ வேண்டும்.

தாமதத்தையும் மறக்காதீர்கள். நிலவுக்குப் பூமியிலிருந்து ஒரு சொல் போய்ச்சேர 1.3 வினாடி. செவ்வாய்க்கு இருக்கும் தூரத்தைப் பொறுத்து ஏறக்குறைய 3 முதல் 22 நிமிடம். ‘நிறுத்து’ என்ற கட்டளை வரும்போது சண்டை முடிந்து, ஆட்கள் காயங்களைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். பூமியில் இருக்கும் தளபதி செவ்வாய்ச் சண்டையை நொடிக்கு நொடி நடத்துவதாக எழுதினால் கதை அந்த இடத்திலேயே உடைந்துவிடும்.

சரி, தொடக்கத்து வசனத்தை நிலவில் வைத்துத் திருப்பி எழுதிப் பார்க்கிறேன்.

“வாகை, இது கரந்தை. எதிரி. பதினொரு மணி. இரண்டு, சுழி, சுழி. சாய்ந்த ஆன்டெனாவின் அடியில் மூன்று பேர். ஓவர்.”

“கரந்தை, இது வாகை. கிடைத்தது. அங்கேயே இருந்து சுடு. நொச்சி மூன்று மணிப் பக்கமாகச் சுற்றி வரும். ஓவர்.”

“செய்கிறேன். அவுட்.”

நொச்சியின் நால்வரும் பத்துப் பத்து மீட்டர் விலகிப் பள்ளத்தின் ஓரமாகச் சறுக்கினார்கள். சத்தமே இல்லை. கடைசி ஆளின் கால் ஒரு கல்லில் தட்டியது. அவள் மெதுவாக, மிக மெதுவாக மேலே எழும்பினாள். கீழே வர அவளால் எதுவும் செய்ய முடியவில்லை. ஆன்டெனாவின் அடியில் தூசி துள்ளிக்கொண்டே இருந்தது. அவள் பாதம் தரையைத் தொடும்வரை கரந்தை சுடுவதை நிறுத்தவில்லை.