சேர்ந்து பாடும்போது குரல் எங்கே கெடுகிறது?

மேல்ஸ்தாயி, அதாவது உயர்ந்த சுரம், வரப்போகிறது என்றதும் பலருக்குத் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும். நெஞ்சு முட்டக் காற்றை இழுப்பார்கள், கழுத்து நரம்பு புடைக்கும். சுரம் வந்துவிடும்தான், ஆனால் பிழிந்தெடுத்த மாதிரி வரும். காற்று போதாமல் வருகிற சிக்கல் இல்லை இது, அதிகமாகி வருவது. 440 ஹெர்ட்ஸில் ஒரு சுரம் பிடித்தால் குரல்நாண்கள் வினாடிக்கு 440 முறை திறந்து மூடுகின்றன. கீழேயிருந்து காற்று முட்டித் தள்ளினால் அதைத் தாங்க அவை இன்னும் இறுக வேண்டியிருக்கிறது. மூச்சு எடுக்கும்போது விலா பக்கவாட்டில் விரியட்டும், தோள் சும்மா கிடக்கட்டும்.

குழுவில் இது தொற்றுநோய் போலப் பரவும். தன் குரல் காதில் விழாவிட்டால் யாரும் தன்னையறியாமல் சத்தத்தைக் கூட்டுவார்கள். லொம்பார்ட் விளைவு என்று இதற்குப் பெயரே உண்டு. ஒருவர் கூட்ட, பக்கத்தவரும் கூட்ட, நாலாவது வரியில் எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள். நெருக்கியடித்து நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்றாலே பாதி சரியாகிவிடும். அடுத்தவர் குரல் கேட்கவில்லையென்றால் நம் சத்தம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம்.

சுருதி சரியாக இருந்தும் ஒட்டவில்லையா? வாயைப் பாருங்கள். ஒரே 'ஆ'வை ஒருவர் பல் தெரிய அகட்டிப் பாடுவார், இன்னொருவர் பாதி 'ஓ'வாகக் குவித்திருப்பார். அப்புறம் சொல்லின் கடைசி. 'வானம்' என்று நீட்டி முடிக்கும்போது இருபது பேரும் இருபது நேரத்தில் உதட்டை மூடினால், 'ம்' என்பது வண்டு ரீங்காரமாக இழுத்துக்கொண்டே போகும். தாளத்தின் எந்தத் தட்டில் மூடுவது என்று முன்கூட்டியே பேசிவைப்பதுதான் ஒரே வழி. நீண்ட வரியில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்செடுத்தாலும் சிக்கல்தான், பாட்டின் நடுவே ஓட்டை விழும். ஆளுக்கொரு இடத்தில், உயிரெழுத்தின் நடுவே பாடுவதை நைசாக விட்டு, மூச்செடுத்து, நைசாகவே திரும்பச் சேரலாம்.

உணர்ச்சி என்றால் சத்தம் என்று நினைப்பதைத்தான் பெரிய தவறு என்பேன். அதற்கு நேர் எதிரானதும் நடக்கும். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி, 'மெதுவா' என்று குழுவை நடத்துபவர் சொன்னால் பாதிப்பேர் வேகத்தைக் குறைப்பார்கள், இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் நம் மொழிமேல்தான் பழி! மீதிப்பேர் மூச்சையே தளர்த்திவிட, சுருதி இறங்கும். சத்தம் குறைந்த குரலுக்குத்தான் மூச்சின் பிடி அதிகம் வேண்டும். சொற்களின் மெய்யெழுத்துகளையும் அங்கே இன்னும் தெளிவாக உச்சரிக்க வேண்டும்.

தொண்டை கட்டினால் செருமாதீர்கள், ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். அன்றைக்கு ஒத்திகையில் பாடாமல், தாளம் போட்டபடி வரிகளைக் கவனித்தால் போதும்.