மாநிலப் பட்டியலில் இருக்கிறது, அப்புறம் டெல்லிக்கு என்ன வேலை?

ஜூன் 12 நெருங்கி, மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்று டெல்டாவில் பேச்சு கிளம்பினால் இந்தக் கேள்வியும் கூடவே கிளம்பும். தண்ணீர் மாநிலப் பட்டியலில், அதாவது மாநிலமே சட்டம் போடக்கூடிய விஷயங்களின் பட்டியலில்தானே இருக்கிறது? இருக்கிறது. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 17ஆவது பதிவு தண்ணீர், பாசனம், வாய்க்கால், வடிகால் எல்லாவற்றையும் மாநிலத்திடம் கொடுக்கிறது. ஆனால் மத்தியப் பட்டியலின் 56ஆவது பதிவுக்கு உட்பட்டே கொடுக்கிறது. அந்த 56, மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளைப் பற்றியது. பாதி வரியைப் படித்துவிட்டு வாதாடப் போவதுதான் முதல் தவறு.

கடைமடையில் இருப்பவர்களுக்கு அந்த மீதி வரிதான் பாதுகாப்பு என்பேன். தண்ணீர் முழுக்க மாநிலத்துக்கே என்றால் கர்நாடகத்துக்கும் அதே உரிமை உண்டே! 1991இல் காவிரி நடுவர் மன்றம் ஆண்டுக்கு 205 டிஎம்சி விடச் சொன்னதும், அந்த உத்தரவை முடக்க கர்நாடகம் ஓர் அவசரச் சட்டம் போட்டது. அப்படிச் சட்டம் போட மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடுவர் மன்றம் அமைந்ததே நாடாளுமன்றத்தின் 1956ஆம் ஆண்டுச் சட்டப்படிதான். உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த 177.25 டிஎம்சியும், காவிரி மேலாண்மை ஆணையமும் அந்த வழியில் வந்தவை.

மூன்றாவதாக, மத்தியும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியல் இருக்கிறது. அது ஆளுக்குப் பாதி என்று நினைப்பதும் சரியல்ல. இரண்டு சட்டமும் மோதினால் பொதுவாக மத்தியச் சட்டமே நிற்கும். விதிவிலக்கு ஜல்லிக்கட்டு: 2017இல் தமிழ்நாடு, மத்திய அரசின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தைத் தன் அளவில் திருத்தி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் வாங்கியது. 2023இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனாலும் நாடாளுமன்றம் நினைத்தால் பின்னால் வேறு சட்டம் போட்டு அதை மாற்றலாம்.

விவசாயமும் மாநிலப் பட்டியல்தான். 2020 வேளாண் சட்டங்களுக்கு மத்திய அரசு காட்டிய வழி வேறு: பொதுப் பட்டியலின் 33ஆவது பதிவு, அதாவது உணவுப் பொருள் வணிகம். அது செல்லுமா என்று நீதிமன்றம் முடிவு சொல்வதற்குள் 2021இல் சட்டங்களே திரும்பப் பெறப்பட்டுவிட்டன.

அப்புறம், ‘டெல்டாவில் ஹைட்ரோகார்பனுக்கே (எண்ணெய், எரிவாயு எடுப்பதற்கே) தடை’ என்ற பேச்சு. எண்ணெய் வளம் மத்தியப் பட்டியலில் 53ஆவது பதிவு. அதனால் தமிழ்நாடு விளைநிலத்தைக் காப்பது என்ற பக்கத்திலிருந்து வந்து, 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இயற்றியது. மண்டலத்துக்குள் புதிய ஹைட்ரோகார்பன் திட்டம் கூடாது என்கிறது சட்டம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவற்றைத் தொடவில்லை. பழைய கிணறு ஒன்று இயங்குவதைப் பார்த்து, சட்டத்தை மீறுகிறார்கள் என்று மனு எழுதினால் நிற்காது. கிணறு எந்த ஆண்டு அனுமதி பெற்றது என்பதை முதலில் கேட்டு வாங்குங்கள்.